சேலத்தில் பாட வருகிறவர்களுக்கு: குரல் கெடாமல் பாட ஒரு வழிகாட்டி

ஆடி பிறந்துவிட்டால் சேலத்தில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. கோட்டை மாரியம்மன் கோயிலில் தொடங்கி குகை, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று ஊரெங்கும் மாரியம்மன் திருவிழா களைகட்டும். மெல்லிசைக் குழுக்களுக்கு ஒரே வாரத்தில் நாலைந்து மேடை கிடைக்கும். புதிதாகப் பாட வந்த பிள்ளைகளுக்கு அது பொன்னான வாரம். அந்த வாரத்தில்தான் அவர்களில் பலருக்குத் தொண்டையும் கட்டிக்கொள்கிறது.

"ரெண்டு நாள்தாங்கண்ணா பாடினேன், மூணாம் நாள் குரலே எந்திரிக்கல" என்று வந்து நிற்பார்கள். எந்தப் பாட்டு கெடுத்தது என்று யோசிப்பார்கள். பாட்டு மட்டுமே காரணமாக இருப்பது அபூர்வம். பகல் முழுக்கப் பேசி, கத்தி, வெயிலில் அலைந்து, தூக்கம் கெட்டு மேடை ஏறும்போதே குரலில் பாதி தீர்ந்திருக்கும். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் இழுத்தால் என்ன ஆகும்? பாடாத நேரத்தில் குரலை எப்படி வைத்திருக்கிறோம் என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. இசைக்குழு, பஜனை, தேவாலயப் பாடகர் குழு, கரோக்கி என்று எதில் பாட வந்தாலும் இது பொருந்தும்.

முதலில், தொண்டைக்குள் என்ன நடக்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் மற்றதைச் சொன்னால் வெறும் கட்டுப்பாடுகளாகத் தோன்றும். குரல்வளைக்குள் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. பெண்களுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரிலிருந்து ஒன்றரை, ஆண்களுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர். அவ்வளவு சின்னது. நுரையீரலிலிருந்து வரும் காற்று இவற்றைத் தள்ளித் திறக்கிறது, உடனே அவை ஒட்டிக்கொள்கின்றன, மறுபடி திறக்கின்றன. இந்த அதிர்வுதான் குரல்.

எத்தனை தடவை தெரியுமா? ஐந்து கட்டையில் (கட்டை என்றால் பாடும் சுருதியின் உயரம்) பாடும் ஒரு பெண் மத்திய ஸ்தாயி ஸட்ஜத்தில், அதாவது நடு வரிசை 'ஸ'வில் நின்றால் ஒரு வினாடிக்கு 196 தடவை. மேல் ஸட்ஜத்துக்குப் போனால் 392. அங்கேயே ஒரு நிமிடம் நின்றால் 23,000 தடவைக்கு மேல் இரண்டு நாண்களும் ஒன்றோடொன்று மோதியிருக்கும். ஒரு கட்டையில் பாடும் ஆணுக்கு மத்திய ஸட்ஜத்தில் வினாடிக்கு 131. இத்தனை மோதலையும் தாங்குவது நாண்களின் மேல் இருக்கும் வழுவழுப்பான மெல்லிய சவ்வு. அது ஈரமாக இருந்தால் வழுக்கிக்கொண்டு அதிரும். காய்ந்து போனாலோ வீங்கினாலோ குரலில் கரகரப்பு வரும், மேல் ஸ்வரங்கள் தப்பும்.

வீங்கிய நாணை வைத்துக்கொண்டு இன்னும் அழுத்திப் பாடினால் மோதும் இடத்தில் தடிப்பு விழும். உழைத்த கையில் காய்ப்பு ஏறுகிற மாதிரிதான் இது. டாக்டர்கள் நாட்யூல் என்பார்கள். பாடகர்கள், ஆசிரியர்கள், எப்போதும் கத்தி விளையாடும் குழந்தைகள் ஆகியோரிடம் இது அதிகம் காணப்படுகிறது. வயதுவந்தவர்களில் பெண்களுக்குத்தான் கூடுதல். அவர்கள் நாண்கள் மோதும் வேகமே அதிகம் அல்லவா.

குரல் எங்கே செலவாகிறது என்று எழுதிப் பாருங்கள்

இதுதான் முதல் வேலை. ஒரு வாரத்துக்கு, காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை எங்கே, எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தமாகப் பேசினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பாட்டுப் பயிற்சியையும் சேர்த்து எழுதுங்கள். வாரக் கடைசியில் பார்த்தால் பாட்டு அந்தப் பட்டியலில் சின்னப் பகுதியாகத்தான் இருக்கும்.

சேலத்தில் பாட வருகிற முக்கால்வாசிப் பேருக்குப் பகலில் வேறு வேலை இருக்கிறது. என்னிடம் பாட வரும் ஒரு தம்பி விசைத்தறிப் பட்டறையில் இருக்கிறார். நல்ல குரல், மேல் ஸ்தாயி சிரமமில்லாமல் வரும். ஆனால் திங்கட்கிழமை கேட்டால் ஒரு குரல், சனிக்கிழமை கேட்டால் வேறு குரல். ஒரு நாள் அவருடைய பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். தறிகள் எல்லாம் ஒன்றாக ஓடுகின்றன. பக்கத்தில் நிற்பவரிடம் "நூல் அறுந்துடுச்சு" என்று சொல்வதற்கே அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டியிருக்கிறது. அவர் கத்துவது அவருக்கே தெரியவில்லை. சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதக் குரல் தானாக உயர்ந்துவிடும். நாம் நினைத்து உயர்த்துவது இல்லை. பிரான்ஸ் நாட்டு மருத்துவர் எத்தியேன் லோம்பார்ட் கவனித்துச் சொன்ன இந்தப் பழக்கத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தம்பிக்குச் சொன்னது எளிமையான விஷயம்தான். தறி ஓடும்போது பேசாதே, தோளைத் தட்டிக் கூப்பிடு, கை ஜாடை காட்டு, சொல்ல வேண்டியது நீளமென்றால் பட்டறைக்கு வெளியே அழைத்துப் போய்ச் சொல். காதுக்குப் பஞ்சடைப்பான் வைத்துக்கொள்ளவும் சொன்னேன். காதை அடைத்தால் நம் குரல் நமக்கு உள்ளே பெரிதாகக் கேட்கும், கத்துவது குறையும், காதும் பிழைக்கும். பாடுகிறவனுக்குக் காது குரலுக்குச் சமம்.

நீங்கள் ஆசிரியராக இருந்தால் வகுப்பை அடக்கக் கத்துவதற்குப் பதில் மேசையைத் தட்டுங்கள், ஒரு மணி வைத்துக்கொள்ளுங்கள். சின்ன இடுப்பு மைக் கிடைக்கிறது, வாங்கினால் தப்பில்லை. ஜவுளிக் கடையில் இருந்தால் வாடிக்கையாளர் பக்கத்தில் வந்த பிறகு பேசுங்கள். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவர்களுக்கு உருக்கும் புகையும் அமில ஆவியும் தொண்டையை எரிக்கும். காற்றோட்டம் இருக்கிற பக்கம் உட்கார இடம் கேளுங்கள். பைக்கில் போகும்போது பின்னால் இருப்பவரிடம் பேசுவதை அடியோடு விட்டுவிடுங்கள். ஐந்து ரோடு நெரிசலில் ஹெல்மெட்டுக்குள் இருந்து பேசும் பத்து நிமிடம் ஒரு முழு வர்ணம் பாடுவதைவிடத் தொண்டைக்குக் கெடுதல்.

கனைப்பதும் இந்தக் கணக்கில் சேரும். தொண்டையில் ஏதோ இருக்கிறது என்று "க்ஹும்" என்று கனைக்கும் ஒவ்வொரு தடவையும் நாண்கள் பலமாக அறைந்துகொள்கின்றன. அறைந்ததால் இன்னும் சளி சுரக்கும், மறுபடி கனைக்கத் தோன்றும். கனைக்க வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள், அல்லது வெறுமனே எச்சில் விழுங்குங்கள். சில நாளில் பழகிவிடும்.

உங்கள் கட்டையைக் கண்டுபிடியுங்கள்

சினிமாப் பாட்டைச் சினிமாவில் பாடிய அதே சுருதியில்தான் பாட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். பின்னணிப் பாடகரின் குரலுக்கு என்று போட்ட சுருதியில் ஏறி, சரணத்தில் கழுத்து நரம்பு புடைக்கப் பாடுவார்கள். கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்க ஒரே பொத்தான் போதும். கரோக்கி செயலிகளிலும் அந்த வசதி உண்டு. கீபோர்டுக்காரரிடம் கூச்சப்படாமல் "அண்ணா, அரைக் கட்டை இறக்கிக்கலாங்களா?" என்று கேளுங்கள். அனுபவமுள்ள பாடகர்கள் எல்லாரும் கேட்கிற கேள்விதான்.

சரியான கட்டையை எப்படித் தெரிந்துகொள்வது? பாட்டில் வரும் மிக உயர்ந்த இடத்தை மட்டும் எடுத்து, அடுத்தடுத்து நாலைந்து தடவை பாடுங்கள். தாடை இறுகாமல், தோள் ஏறாமல், கடைசித் தடவையும் முதல் தடவை போலவே வந்தால் அது உங்கள் கட்டை. பிறகு மிகத் தாழ்ந்த இடத்தையும் சோதியுங்கள். அங்கே காற்றாகப் போனால் கொஞ்சம் ஏற்ற வேண்டும். பொதுவாக ஆண்கள் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள்ளும், பெண்கள் நாலரையிலிருந்து ஐந்தரைக்குள்ளும் பாடுவார்கள். வயது ஏற ஏறக் கட்டை இறங்கும். அதை ஏற்றுக்கொண்டவர்கள் நீண்ட காலம் பாடுகிறார்கள்.

பையன்களைப் பாட வைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் மகரக்கட்டு வரும். குரல்வளை வளர்ந்து நாண்கள் நீளும்போது குரல் உடையும், திடீரென்று கீழே விழும், பாட்டின் நடுவில் கீச்சென்று போகும். அந்த மாதங்களில் பழைய சுருதியில் போட்டிக்குத் தயார் செய்ய வேண்டாம். சுகமாக வருகிற நாலைந்து ஸ்வரத்துக்குள் கொஞ்ச நேரம் பாடட்டும்; மீதி நேரம் தாளம், கேள்வி ஞானம், ஒரு வாத்தியம் என்று போகட்டும். குரல் நிலைக்க ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். அவசரப்படுத்தினால் அந்தப் பையனுக்குப் பாட்டே வெறுத்துவிடும். அப்படி விட்டுப்போன நல்ல குரல்களை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

தண்ணீர், ஆவி, கஷாயம்

குடிக்கும் தண்ணீர் குரல் நாண்களைத் தொடுவதே இல்லை. விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்ளும், தண்ணீர் பின்பக்கமாக உணவுக்குழாயில் இறங்கிவிடும். நாணில் பட்டால் புரையேறும். தண்ணீர் ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் போய், அப்புறம்தான் அந்தச் சவ்வு ஈரமாகும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். இரவு எட்டு மணிக் கச்சேரிக்குக் காலையிலிருந்தே குடிக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் ஒரே மூச்சில் ஒரு பாட்டில் காலி செய்தால் பாத்ரூம்தான் தேட வேண்டிவரும்.

சேலத்துச் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும். வேர்வையில் போவதையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டரை, மூன்று லிட்டர் வேண்டியிருக்கும். சிறுநீர் வெளிறிய நிறத்தில் போனால் போதுமான அளவு குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். நீர்மோர், இளநீர், நுங்கு எல்லாம் கணக்கில் சேரும். சிறுநீரகம், இதயம் சம்பந்தமான தொந்தரவு இருப்பவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பி? நாளுக்கு இரண்டு குடிப்பதால் தொண்டை வறண்டுவிடாது. அதற்கு மேல் போனால் வயிற்று அமிலம் கிளம்பும், அதுதான் தொல்லை.

ஐஸ் தண்ணீரைப் பற்றி நம் ஊரில் இருக்கும் பயம் கொஞ்சம் அதிகம். அது நாணைத் தொடாது, எனவே நாணைக் கெடுக்காது. ஆனால் குடித்தவுடன் தொண்டைத் தசை இறுகுவது போல் சிலருக்குத் தோன்றும். உங்களுக்கு அப்படி என்றால் பாடும் நாளில் தவிர்த்துவிடுங்கள், அவ்வளவுதான். மிளகு, பனங்கற்கண்டு, தேன், சுக்கு எதுவும் நாணுக்கு நேராகப் போய் வேலை செய்வதில்லை. தொண்டைக்கு இதமாக இருக்கும், எச்சில் ஊறும், அந்த அளவில் நல்லதுதான். அதிமதுரத்தை மட்டும் நாள் தவறாமல் மென்றுகொண்டே இருக்காதீர்கள். அளவுக்கு மீறினால் ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

நாண் வரைக்கும் நேராகப் போவது நீராவிதான். வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு ஐந்து முதல் பத்து நிமிடம் மெதுவாக இழுங்கள். தைலம், கற்பூரம் எதையும் போட வேண்டாம். மூக்கு திறந்த மாதிரி இருக்கும், ஆனால் அந்தக் காரம் சவ்வை எரிச்சலூட்டும். பாத்திரத்தை உறுதியான மேசையில் வையுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கச்சேரி முடிந்து தட்டுவடை செட்

சேலத்துப் பாடகர்களின் குரலைக் கெடுப்பதில் மேடைக்கு அடுத்த இடம் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான். கச்சேரி முடிய நேரமாகும், பசி கொல்லும், எல்லாரும் சேர்ந்து ஒரு கடைக்குப் போவோம். தட்டுவடை செட்டில் கார சட்னி வழிய வழிய நாலு பிளேட், மேலே ஒரு பரோட்டா, வீட்டுக்கு வந்ததும் படுக்கை. படுத்த பிறகு வயிற்று அமிலம் உணவுக்குழாய் வழியே மேலேறிக் குரல்வளையின் பின்பக்கத்தை நனைக்கும். நெஞ்செரிச்சலே இல்லாமலும் இது நடக்கும். அதனால்தான் பலர் இதைக் கண்டுபிடிப்பதே இல்லை. காலையில் எழுந்ததும் குரல் கட்டியிருப்பது, தொண்டையில் ஒரு உருண்டை நிற்பது போன்ற உணர்வு, ஓயாத கனைப்பு, பாட்டுக்குக் குரல் தயாராக ரொம்ப நேரம் எடுப்பது ஆகியவை அதன் அறிகுறிகள்.

மாலை ஆறு மணி வாக்கில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள். கச்சேரி முடிந்ததும் இட்லி, மோர் சாதம், வாழைப்பழம் என்று காரமில்லாமல் கொஞ்சம். சாப்பிட்டதற்கும் படுப்பதற்கும் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி இருந்தால் நல்லது. முடியாத நாளில் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து ஓர் அரை அடி உயர்த்திக்கொள்ளுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும். தட்டுவடை செட்டை விடச் சொல்லவில்லை. அது சாயங்கால வேளைக்கு உரியது, அப்போது சாப்பிடுங்கள்.

பீடி, சிகரெட், புகையிலை, மது பற்றி நீட்ட வேண்டியதில்லை. பாட வேண்டுமென்றால் விட்டுவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் புகைத்தாலும் எழுந்து போங்கள்.

மேடைக்கு முன்: ஸ்ட்ராவும் ஒரு டம்ளர் தண்ணீரும்

குளிர்ந்த குரலோடு மேடை ஏறி முதல் பாட்டிலேயே உச்சிக்குப் போவது கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் போதும். எனக்குத் தெரிந்ததில் இதைவிட எளிமையான, பலன் தரும் பயிற்சி இல்லை, எங்கும் செய்யலாம்.

ஒரு டம்ளரில் பாதிக்குத் தண்ணீர். ஒரு ஸ்டீல் ஸ்ட்ரா. பேப்பர் ஸ்ட்ரா பாதியில் ஊறிப்போகும். ஸ்ட்ராவின் நுனி தண்ணீருக்குள் இரண்டு விரல் அகலம் இறங்கியிருக்கட்டும். உதட்டை அதைச் சுற்றிக் காற்றுப் போகாமல் மூடி, "ஊ" என்று ஒரு ஸ்வரம் பிடியுங்கள். தண்ணீர் ஒரே சீராகக் குமிழிட வேண்டும். குமிழ் விட்டு விட்டு வந்தால் மூச்சு சீராகப் போகவில்லை. கன்னம் தளர்ந்திருக்கட்டும். மூக்கைக் கையால் மூடிப் பாருங்கள், சத்தம் நின்றால் காற்று மூக்கு வழியே கசிகிறது என்று பொருள். இப்படிச் சுகமான ஸ்வரத்தில் ஆரம்பித்து, ஜாரு மாதிரி கீழிருந்து மேலே வழுக்கிப் போய் இறங்குங்கள். அப்புறம் அன்று பாடப்போகும் பாட்டையே வார்த்தையில்லாமல் ஸ்ட்ரா வழியே ஒரு தடவை பாடுங்கள்.

ஸ்ட்ரா வழியே போகும் காற்று கொஞ்சம் தடைபட்டு உள்ளே திரும்பி அழுத்தும். அந்த அழுத்தம் இரண்டு நாண்களையும் லேசாகப் பிரித்து வைக்கும். குறைந்த மோதலில் நன்றாக அதிரும். அமெரிக்க விஞ்ஞானி இங்கோ டீட்ஸ் இதை நிறைய ஆராய்ந்து பரப்பினார். ஸ்ட்ரா கிடைக்காவிட்டால் உதட்டைப் புர்ர் என்று துடிக்க விட்டுப் பாடலாம், வாயை மூடி ம்ம் என்று ரீங்கரிக்கலாம். பலன் அதே வகைதான்.

இது முடிந்ததும் ஒரு சோதனை. மேல் ஸ்தாயியில் ஏதாவது ஒரு வரியை, பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டு மிக மெல்லிசாகப் பாடிப் பாருங்கள். உடனே குரல் வருகிறதா, அல்லது முதலில் வெறும் காற்று வந்து கொஞ்சம் தாமதித்துக் குரல் ஒட்டுகிறதா? வழக்கமாக வருகிற உயரத்தில் தாமதம் இருந்தால் நாண் வீங்கியிருக்கிறது. சத்தமாகப் பாடினால் இது தெரியாது, பலம் கொடுத்து மறைத்துவிடுவோம். தினமும் காலையில் ஒரே வரியை ஃபோனில் பதிவு செய்து வையுங்கள். எப்போது மாறியது என்று பிறகு சரியாகச் சொல்ல முடியும்.

மேடையில்

உங்கள் குரல் உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் கத்துவீர்கள். தறிப்பட்டறையில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும். டிரம்ஸுக்கும் பேடுக்கும் நடுவில் நிற்கிறீர்கள். பாடுகிறவர் பக்கம் திருப்பி வைக்கும் ஸ்பீக்கரை மானிட்டர் என்பார்கள். சவுண்ட் செக் நேரத்திலேயே ஆபரேட்டரிடம் போய், "அண்ணா, மானிட்டர்ல என் வாய்ஸ் கொஞ்சம் ஏத்துங்க, கீபோர்ட் கொஞ்சம் இறக்குங்க" என்று கேட்டு வாங்குங்கள். மானிட்டர் இல்லாத மேடை என்றால் டிரம்ஸிலிருந்து முடிந்தவரை தள்ளி நில்லுங்கள், ஒரு காதில் மட்டும் பஞ்சடைப்பான் வையுங்கள்.

மைக்கை உதட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடியுங்கள். மேல் ஸ்தாயியில் கொஞ்சம் விலக்குங்கள், தாழ்ந்த இடத்தில் கிட்டே கொண்டு வாருங்கள். வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் மைக் கூவும். ஆபரேட்டர் பயந்துபோய் உங்கள் வால்யூமைக் குறைப்பார். நீங்கள் இன்னும் கத்துவீர்கள். பாட்டுக்கு நடுவே "சேலம், கைதட்டு கேட்கலையே!" என்று அலறுவதை அறிவிப்பாளரிடம் விட்டுவிடுங்கள். தொடர்ந்து இரண்டு உச்ச ஸ்தாயிப் பாட்டு வராமல் பட்டியலைப் போடச் சொல்லுங்கள்.

கோயில் மேடைகளில் சாம்பிராணி, கற்பூரம், வாணவெடிப் புகை நம் பக்கம் வரும். அந்த நேரத்தில் வாயால் மூச்சு இழுக்காமல் மூக்கால் இழுங்கள். பஜனைக்குப் பாடுகிறவர்களுக்கு இன்னொன்று: கார்த்திகையில் ஊர்வலம் முழுக்கச் சரண கோஷம் போட்டுவிட்டு உடனே பாட உட்கார்ந்தால் பாட்டு எழாது. கோஷத்தில் மெதுவாகச் சேர்ந்துகொள்ளுங்கள். சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார். மார்கழி விடியற்காலைத் திருப்பாவைக்கு, பாட்டு ஐந்து மணிக்கு என்றால் நாலு மணிக்கே எழுந்துவிடுங்கள். தூங்கி எழுந்ததும் நாண்கள் தடித்திருக்கும், தெளிய ஒரு மணி நேரமாவது ஆகும்.

ஏற்காட்டில் பாடப் போனால்

மே மாதக் கோடை விழா, டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டு, ரிசார்ட்டுகளில் வார இறுதி நிகழ்ச்சி என்று சேர்வராயன் மலையில் பாடக் கூப்பிடுவார்கள். அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். கீழே வேர்த்துக் கொட்டிய உடம்பு ஒரு மணி நேரத்தில் பனிக்குள் நுழைகிறது. வழியில் காது அடைக்கும். அடைத்த காதோடு சுருதி பிடிப்பது கஷ்டம், உங்கள் குரல் உள்ளுக்குள் வேறு மாதிரி கேட்கும். வளைவுகளில் அடிக்கடி எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், ஒரு மிட்டாய் சப்புங்கள். சளி பிடித்திருக்கிற நாளில் இது இன்னும் தொந்தரவு.

வேனில் எல்லாரும் பாடிக்கொண்டே போவது சந்தோஷம்தான். ஆனால் என்ஜின் சத்தத்துக்கு மேல், ஜன்னல் காற்றில், கும்பலாகப் பாடுவது பயிற்சி ஆகாது. இறங்கும்போது குரல் களைத்திருக்கும். கைதட்டித் தாளம் போடுங்கள், பாட்டை மற்றவர்கள் பாடட்டும். மேலே போனதும் குறைந்தது ஒரு மணி நேரம் உடம்பைப் பழக விடுங்கள். கழுத்துக்கு மப்ளர், பிளாஸ்கில் வெந்நீர். குளிர்காலத்தில் ராத்திரி அங்கே 15 டிகிரிக்குக் கீழே போகும். ஸ்ட்ராப் பயிற்சியை அறைக்குள்ளேயே முடித்துவிட்டு மேடைக்குப் போங்கள். குளிர்காற்றை மூக்கால் இழுத்தால் சூடாகி ஈரமாகி உள்ளே போகும். வாயால் இழுத்தால் அப்படியே நாணில் அடிக்கும். அறையில் ஹீட்டர் ஓடினால் காற்று வறண்டுவிடும்; பக்கத்தில் ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள்.

முடிந்த பிறகும், சளி பிடித்த நாளிலும்

கச்சேரி முடிந்ததும் ஐந்து நிமிடம் ஸ்ட்ராவில் மேலிருந்து கீழே மெதுவாக வழுக்கி இறங்குங்கள். அப்புறம் பேச்சைக் குறையுங்கள். மேடைக்குப் பின்னால் சந்தோஷத்தில் இரைந்து பேசுவதுதான் அன்றைய கடைசிச் செலவு. மறுநாள் காலை ஃபோனை எடுக்காமல் வாட்ஸப்பில் எழுதிப் பேசுங்கள். குரலுக்கு ஓய்வு என்று கிசுகிசுத்துப் பேசுவதால் பலனில்லை. பலர் கிசுகிசுக்கும்போது குரல்வளையை இறுக்கிக்கொள்கிறார்கள். தேவையென்றால் மெல்லிய, இயல்பான குரலில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருங்கள்.

சளி பிடித்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரைகளில் கவனம் வேண்டும். தும்மலுக்குக் கொடுக்கும் மாத்திரைகள், குறிப்பாகப் பழைய வகைகள், மூக்கோடு தொண்டையையும் காய வைத்துவிடும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் ரத்தம் உறைவதைக் குறைக்கும். அதைப் போட்டுக்கொண்டு அழுத்திப் பாடினால் நாணில் உள்ள மெல்லிய ரத்தக் குழாய் கசிய வாய்ப்பு கூடும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் சில பெண்களுக்கு அந்தக் குழாய்கள் புடைத்திருக்கும். அந்த நாட்களில் வலிக்கு எதைப் போடலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இதய நோய்க்கு ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தவே கூடாது. தொண்டையை மரத்துப்போக வைக்கும் மிட்டாய்களைப் பாடும் முன் வாயில் போடாதீர்கள், வலி தெரியாமல் பாடிவிடுவீர்கள். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். "ஒரு ஊசி போட்டா ராத்திரி பாடிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு ஊசியை நாணைப் பார்க்காமல் போடுவது ஆபத்து. பார்த்துவிட்டுத் தொண்டை டாக்டர் முடிவு செய்யட்டும்.

எப்போது டாக்டரிடம் போவது

கத்தும்போதோ இருமும்போதோ பாட்டின் நடுவிலோ குரல் திடீரென்று அறுந்தது போல் போய்விட்டால் அன்றே போங்கள். நாணில் ரத்தம் கசிந்திருக்கலாம், அதன் மேல் ஒரு வார்த்தை பேசுவதும் கெடுதல். மூச்சு விடச் சிரமம், விழுங்க வலி, ரத்தம் கலந்த சளி, கழுத்தில் கட்டி இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. மற்றபடி கரகரப்பு பாடகருக்கு இரண்டு வாரம், மற்ற யாருக்கும் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது.

வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பதில் நாண் தெரியாது. கண்ணாடியோ கேமராக் குழாயோ உள்ளே போக வேண்டும். குரல் நாண் அதிர்வதைத் தன் தொண்டையிலேயே பார்த்தவர் ஒரு பாட்டு வாத்தியார்தான்: ஸ்பெயினில் பிறந்த மானுவேல் கார்சியா, 1854ல், பல் டாக்டரின் கண்ணாடியையும் வெயிலையும் வைத்துக்கொண்டு பார்த்தார். இன்று மூக்கு வழியே மெல்லிய கேமரா போகிறது, சில நிமிடத்தில் முடிந்துவிடும், வலி பெரிதாக இருக்காது. ஸ்ட்ரோபோஸ்கோபி வசதி இருந்தால் மின்னும் வெளிச்சத்தில் நாண்கள் மெதுவாக அசைவது போல் தெரியும். பாடகர்களுக்கு அதுதான் உத்தமம், இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அறுவை சிகிச்சை செய்துவிடுவார்களோ என்ற பயத்தில் பலர் மாதக்கணக்கில் தள்ளிப் போடுகிறார்கள். நாட்யூலுக்குப் பெரும்பாலும் கத்தி தேவைப்படாது. ஸ்பீச் தெரபிஸ்டிடம் சில மாதங்கள் பயிற்சி, பழக்க மாற்றம், இவற்றிலேயே கரைந்துவிடும். நாணில் வளரும் பாலிப் என்ற சதை வளர்ச்சி போன்றவற்றுக்கு அறுவை தேவைப்படலாம். 2011ல் நாணில் அறுவை செய்துகொண்ட இங்கிலாந்துப் பாடகி அடெல் அடுத்த பிப்ரவரியிலேயே மேடையில் பாடினார். 1997ல் செய்துகொண்ட ஜூலி ஆண்ட்ரூஸுக்குப் பழைய பாட்டுக்குரல் திரும்பவில்லை. எனவே சிக்கல் சின்னதாக இருக்கும்போதே போவதுதான் நம் கையில் இருக்கும் வழி.

போகும்போது அந்த நோட்டையும் ஃபோன் பதிவுகளையும் எடுத்துச் செல்லுங்கள். பாடுகிறவர் என்று முதலிலேயே சொல்லுங்கள். போடும் மாத்திரைகள் அத்தனையையும் காட்டுங்கள். ஓய்வு சொன்னால் எத்தனை நாள், முழு மௌனமா, கொஞ்சம் பேசலாமா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மறுபடி பாடலாம் என்று சொன்ன பிறகு முதல் வாரம் ஸ்ட்ராவில் நாளுக்கு இரண்டு மூன்று தடவை, ஐந்தைந்து நிமிடம். அடுத்து சுகமான ஸ்தாயியில் பத்து நிமிடம் பாட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். குழுத் தலைவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: முதல் மேடையில் இரண்டு பாட்டு, அதுவும் அரைக் கட்டை இறக்கி.